எட்டயபுரத்துப் பிள்ளையும் பாஞ்சாலங்குறிச்சிப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரட்டும்

தூத்துக்குடி மாவட்ட வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,



கயத்தாறு, எட்டயபுரம், ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி வட்டாரப் பள்ளிகளில் சமூக அறிவியல் நடத்தும் உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். பாளையக்காரர் கிளர்ச்சிப் பாடம் வந்ததும் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி, மதுரை–திருநெல்வேலி நெடுஞ்சாலை வழியே கயத்தாற்றுக்கு அழைத்து வருகிறீர்கள். சிவாஜி கணேசன் தம் முயற்சியில் நிறுவிய சிலையையும் அரசு கட்டிய மணிமண்டபத்தையும் காட்டுகிறீர்கள். அந்த இடத்தில் நின்று நீங்கள் சொல்லப்போகும் கதையைப் பற்றி எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு.

வழக்கமாக அங்கே சொல்லப்படுவது இரண்டு ஆட்களின் கதை. ஒருவர் வீரர், மற்றவர் துரோகி. கேட்கும் பிள்ளைக்கு ரத்தம் கொதிக்கும். அதோடு பாடம் முடிந்துவிடும். அதே பேருந்தில் எட்டயபுரத்துப் பிள்ளையும் வந்திருக்கிறது. தன் ஊர்ப் பாளையத்து அரசர்கள் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிய பெயர் ஒரு வசைச்சொல்லாகக் காதில் விழும்போது, இருநூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு குற்றத்துக்கு அந்தப் பிள்ளை ஏன் தலைகுனிய வேண்டும்? பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனின் வீரத்தில் ஒரு துளியும் குறைக்க வேண்டாம். அந்த வீரம் எந்தப் பகைகளுக்கு நடுவே நின்றது, அந்தப் பகைகளை யார் அறுவடை செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

1799 அக்டோபர் 16ஆம் நாளை எடுத்துக்கொள்வோம். கிழக்கிந்தியக் கும்பெனியின் மேஜர் பானர்மேன் திருநெல்வேலிச் சீமைப் பாளையக்காரர்களைக் கயத்தாற்றுக்கு வரவழைத்தார். அவர்கள் கண்முன் விசாரணை நடந்தது. பழைய கோட்டைக்கு முன்னால் புளியமரத்தில் கட்டபொம்மனுக்குத் தூக்கு. மறுநாள் பானர்மேன் சென்னைக்கு எழுதிய அறிக்கையில், விசாரணை நடந்த நேரம் முழுக்க கட்டபொம்மன் அஞ்சாமல் நின்றார் என்றும், எட்டயபுரம், சிவகிரிப் பாளையக்காரர்களைச் சினத்தோடு பார்த்தார் என்றும், தூக்குமரத்துக்கு நடந்தபோது இருபுறமும் நின்ற பாளையக்காரர்களை இகழ்ச்சியோடு நோக்கினார் என்றும் குறிப்பிடுகிறார். தூக்கிலிட்டவரே எழுதிவைத்த சாட்சி இது. அந்த வீரத்துக்கு வேறு சான்று தேவையில்லை.

ஆனால் அவர் மேல் சுமத்தப்பட்ட குற்றங்களையும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். கிஸ்தி கட்டவில்லை, கலெக்டர் அழைத்தபோது வரவில்லை, கும்பெனிப் படையை எதிர்த்துச் சுட்டார் என்பவை நமக்குத் தெரிந்தவை. இன்னொன்றும் இருந்தது. சிவகிரிப் பாளையக்காரருக்கும் அவர் மகனுக்கும் இடையே இருந்த சண்டையில் மகன் பக்கம் நின்று, சிவகிரி மேல் ஆள் அனுப்பினார் என்பது அந்தக் குற்றச்சாட்டு. அண்டைப் பாளையங்களுக்குள் நடந்த ஒரு வழக்கு, கும்பெனியின் தூக்குத் தீர்ப்புக்குள் ஒரு காரணமாக நுழைந்துவிட்டது. பாளையக்காரர்களைச் சுற்றி உட்காரவைத்து ஏன் அந்த விசாரணை நடந்தது என்பதும் இங்கே விளங்குகிறது. ஒருவரைக் கொல்லப் படை போதும். மற்றவர்கள் இனி யாரிடம் வழக்கைக் கொண்டுபோக வேண்டும் என்று காட்ட அந்தக் கூட்டம் தேவைப்பட்டது.

இந்தப் பகைகள் எங்கிருந்து வந்தன? நாயக்கர் காலத்தில் விசுவநாதரும் அரியநாதரும் பிரித்த 72 பாளையங்கள் என்று பாடத்தில் ஒரு வரி வருகிறது. ஒவ்வொரு பாளையக்காரரும் கப்பம் கட்ட வேண்டும், படை வைத்திருக்க வேண்டும், காவல் பார்க்க வேண்டும். காவலுக்கு ஊர்கள் கூலி கொடுத்தன. இந்த ஊரின் காவல் யாருக்கு, இந்த எல்லைப் புஞ்சை யார் பட்டில் சேரும், திருட்டுப் போன மாட்டுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விகள் ஒரு நாளும் ஓயவில்லை. மேற்கே மலையடிவாரத்தில் மறவர் பாளையங்கள். கிழக்கே மானாவாரிக் கரிசலில் நாயக்கர் பாளையங்கள். மழையை நம்பிய பூமியில் ஒரு ஊரின் விளைச்சல் என்பது ஒரு படையின் சோறு. அதற்காகத்தான் சண்டை.

1750களில் நெற்கட்டும்செவல் பூலித்தேவர் மேற்குப் பாளையங்களைச் சேர்த்துக்கொண்டு ஆற்காட்டு நவாபையும் கும்பெனியையும் எதிர்த்தபோது யார் யார் அவரோடு சேரவில்லை? நீங்கள் நடத்தும் பத்தாம் வகுப்புப் பாடப்புத்தகமே சொல்கிறது: சிவகிரி சேரவில்லை, எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் சேரவில்லை. அந்த வரியில் வகுப்பைச் சற்று நிறுத்துங்கள். பின்னாளில் எதிரெதிரே நின்ற இரண்டு பாளையங்களும் அன்று ஒரே முடிவை எடுத்தன. 1761இல் பூலித்தேவரின் கோட்டைகள் கும்பெனிப் படைத்தலைவர் யூசுப்கானிடம் விழுந்தன. இன்னொரு பக்கம், கட்டாலங்குளத்து அழகுமுத்துக்கோன் எட்டயபுரத்தாரோடு நின்று அதே யூசுப்கானின் படையை எதிர்த்து உயிர்விட்டவர் என்று ஆண்டுதோறும் ஜூலை 11ஆம் தேதி நாம் மாலை போடுகிறோம். எந்தப் பாளையமும் ஒரே நிறத்தில் நின்றுவிடவில்லை.

வெளியாரைத் துணைக்குத் தேடியதும் ஒரு பாளையம் மட்டுமல்ல. தூத்துக்குடித் துறைமுகமும் முத்துக்குளிப்பும் 1658 முதல் டச்சுக்காரர் கையில் இருந்தன. 1783இல் கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்தபோது, டச்சுக்காரர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கை உள்ளே கிடைத்தது. எட்டயபுரம் ஆங்கிலேயரிடம் தேடிய பலத்தைப் பாஞ்சாலங்குறிச்சி டச்சுக்காரரிடம் தேடியது. பக்கத்துப் பாளையம் ஒரு பீரங்கிக்காரனைக் கூட்டிவந்தால் நாமும் ஒருவனைக் கூட்டிவர வேண்டும் என்பது அந்தக் காலத்தின் கட்டாயம். நவாபோடு செய்த 1792 உடன்படிக்கையில் பாளையங்களிடம் நேராகக் கப்பம் வசூலிக்கும் உரிமை கும்பெனிக்கு வந்தது. அன்றிலிருந்து எல்லைத் தகராறுக்கு நடுவர் கலெக்டர் ஆனார். அந்த நடுவரிடம் பீரங்கியும் இருந்தது.

இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க, நம்மிலிருந்து வெகுதூரத்து நாடு ஒன்றுக்கு ஒருமுறை அவர்களை அழைத்துப் போங்கள். யார் வீரன், யார் துரோகி என்று முன்கூட்டியே முடிவு செய்யாத மனத்தோடு அவர்கள் அங்கே பார்க்க முடியும். கசாக்குகளுக்கும் ஒய்ராத்துகளுக்கும் இடையே நூறு ஆண்டுக்கு மேல் நடந்த புல்வெளிப் போரைத்தான் சொல்கிறேன்.

மத்திய ஆசியாவின் புல்வெளி நம் கரிசலைப் போலவே மழையை நம்பிய நாடு. அறுவடை முடிந்த காட்டில் கிடை போட ஆட்டுமந்தையை ஓட்டிக்கொண்டு போகும் நம் கீதாரிகளைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். ஒரு தேசமே அப்படி நகர்வதாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குதிரை, ஆடு, ஒட்டகத்தோடு கோடையில் ஒரு மேய்ச்சலும் குளிர்காலத்தில் ஒரு மேய்ச்சலுமாக இரு மக்களும் வாழ்ந்தார்கள். கசாக்குகள் துருக்கி மொழி பேசிய முஸ்லிம்கள். மூன்று பெரும் பிரிவுகளாக, கான்களின் கீழ் இருந்தார்கள். ஒய்ராத்துகள் மங்கோலிய மொழி பேசிய பௌத்தர்கள். 1630களில் எர்தெனி பாதூர் தலைமையில் சுங்கார் என்ற வலுவான அரசை அமைத்தார்கள். இலி ஆற்றங்கரையும் இர்திஷ் பள்ளத்தாக்கும் சிர்தாரியா ஓரத்து நகரங்களும் யாருக்கு என்பதுதான் சண்டை. குளிரில் புல் கிடைக்கும் நிலத்தை இழந்தால் மந்தை சாகும். மந்தை செத்தால் மக்கள் சாவார்கள்.

1643இல் கசாக் தலைவர் ஜாங்கிர் ஒரு மலைக்கணவாயை ஏறத்தாழ 600 பேரோடு மறித்து, எர்தெனி பாதூரின் பெரும்படையைத் தடுத்து நிறுத்தினார் என்பதைக் கசாக்குகள் இன்றும் கொண்டாடுகிறார்கள். பிறகு காற்று மாறியது. கிழக்கே சீனத்தின் சிங் பேரரசு சுங்கார்களை நெருக்கியது. அவர்கள் மேற்கே கசாக் மேய்ச்சலை நோக்கித் தள்ளினார்கள். சுங்கார்களிடம் பீரங்கியும் வந்துசேர்ந்தது. 1709இல் ரஷ்யர்களிடம் பிடிபட்டு, 1716இல் அவர்களிடமிருந்து சுங்கார்களிடம் பிடிபட்ட ரேனாத் என்ற சுவீடன் நாட்டுப் பீரங்கி வீரர் பல ஆண்டுகள் அங்கே இருந்து பீரங்கி வார்க்கக் கற்றுக்கொடுத்தார். 1723இல் சுங்கார் படை கசாக்குகள் மேல் பாய்ந்தது. மந்தைகளை இழந்து, கால் கொப்புளிக்கக் குடும்பம் குடும்பமாக ஓடி, வழியில் பசியால் செத்த அந்த ஆண்டை ‘வெறுங்கால் ஓட்டம்’ என்று கசாக்குகள் தலைமுறை கடந்தும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஓடியவர்கள் மேற்கே இருந்த கல்மீக்குகளையும் பாஷ்கீர்களையும் நெருக்கினார்கள். அங்கேயும் புதுப்பகை முளைத்தது.

சில ஆண்டுகளில் அன்ராக்காய் என்ற இடத்தில் மூன்று பிரிவுக் கசாக்குகளும் ஒன்றுகூடிச் சுங்கார்களை வென்றார்கள். அந்த ஒற்றுமை நீடிக்கவில்லை. 1730இல் சிறு பிரிவின் கான் அபுல்கைர் ரஷ்யப் பேரரசி அன்னாவுக்குத் தூது அனுப்பிப் பாதுகாப்புக் கேட்டார். 1731இல் சத்தியம் செய்தார். சுங்கார் ஒரு பக்கம், கல்மீக், பாஷ்கீர் மறுபக்கம், கான்களுக்குள்ளேயே போட்டி இன்னொரு பக்கம் என்றிருந்த மனிதருக்கு அது ஒரு தற்காலிக உதவியாகத் தெரிந்திருக்க வேண்டும். ரஷ்யர்களோ ஓரன்பர்க் முதலாகக் கோட்டை மேல் கோட்டையாகப் புல்வெளி ஓரத்தில் கட்டிக்கொண்டே வந்தார்கள்.

சுங்கார்களின் முடிவு அதைவிடக் கொடியது. 1745இல் அவர்களின் ஆட்சியாளர் கல்தான் செரெங் இறந்ததும் வாரிசுச் சண்டை மூண்டது. அமுர்சானா என்ற சுங்கார் பிரபு தன் எதிரியை வீழ்த்தச் சிங் பேரரசரின் துணையை நாடினார். 1755இல் சிங் படை சுங்கார் நாட்டைப் பிடித்தது. தனக்குக் கிடைத்த பங்கு போதாதென்று அமுர்சானா எதிர்த்து எழுந்தபோது, 1757இல் சிங் படை அந்த மக்களையே ஒழிக்க இறங்கியது. சிங் காலத்து வரலாற்றாசிரியர் வெய் யுவானின் கணக்குப்படி, அவர்களில் பத்தில் நான்கு பங்கினர் பெரியம்மையில் மாண்டார்கள். மூன்று பங்கினர் கொல்லப்பட்டார்கள். இரண்டு பங்கினர் ரஷ்யர், கசாக்கு நாடுகளுக்கு ஓடினார்கள். ஓடிவந்தவர்களின் மந்தைகளைப் பிடிக்கக் கசாக்குகளும் துரத்தினார்கள். நூறாண்டுப் பகைவன் அழிந்தான் என்று அன்று மகிழ்ந்திருப்பார்கள். பகைவன் நின்ற இடத்தில் ஒரு பேரரசு வந்து நின்றது. கசாக்குகளின் அபிலாய் கான் ரஷ்யாவுக்கும் சிங்குக்கும் ஒரே நேரத்தில் பணிந்து, இரண்டுக்கும் நடுவில் தன் ஆயுள் முழுக்கச் சாமர்த்தியமாகத் தப்பினார். 1820களில் ரஷ்யா கான் பதவியையே எடுத்துவிட்டது.

அதன்பின் நடந்ததைக் கயத்தாற்றில் நின்று கேட்கும் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது. அபிலாயின் பேரன் கெனெசாரி 1837 முதல் பத்தாண்டு ரஷ்யாவை எதிர்த்துப் போரிட்டார். பின்வாங்கிக் கிர்கீசியர் நாட்டுக்குள் போனபோது அவர்களோடும் மோதினார். 1847இல் அவரைப் பிடித்துக் கொன்றவர்கள் கிர்கீசியத் தலைவர்கள். அவர் தலை ரஷ்யர்களிடம் போனது. பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் இருந்த பழைய வழக்கு போலவே, கசாக்குகளுக்கும் கிர்கீசியருக்கும் மேய்ச்சலிலும் மந்தையிலும் பழைய வழக்கு இருந்தது. கெனெசாரியைப் பிடித்துக் கொன்றவர்களைத் துரோகிகள் என்று ஒரு சொல்லில் முடித்தால், அந்தக் கிர்கீசியத் தாய்மார்கள் எந்தப் படையெடுப்புக்கு அஞ்சினார்கள் என்ற கேள்வி விடுபட்டுப் போகும்.

இன்னொரு செய்தியும் இரண்டு நாட்டையும் சேர்க்கிறது. கட்டபொம்மன் கொள்ளைக்காரர் என்று எழுதியவர்களும் உண்டு. அதைக் கேட்டு உங்கள் மாணவர் யாராவது கை தூக்குவார். அப்போது இப்படிச் சொல்லுங்கள். தனக்கு இழைக்கப்பட்ட தீங்குக்கு ஈடு கேட்டு மற்றவன் மந்தையைப் பிடித்துவரும் வழக்கம் கசாக்குகளிடம் இருந்தது. பாரிம்தா என்று பெயர். ஊர்ப் பெரியவர்கள் ஒப்புக்கொண்ட நெறிகளுக்கு உட்பட்டு நடந்த வழக்கம் அது. 1822 சட்டத்தில் ரஷ்யா அதைக் குற்றமாக்கியது. நம்மிடம் வெட்சித் திணை இருந்தது. ஆநிரை கவர்வதும் கரந்தை சூடி மீட்பதும் போரின் முதல் இலக்கணம். ஆநிரை மீட்டு மாண்டவனுக்கு நடுகல் நட்டோம். பாளையங்கள் ஒன்றன் ஊரில் மற்றது புகுந்து தானியத்தையும் மாட்டையும் கொண்டுபோனதில் ஏழைக் குடிகள் பட்ட துன்பம் உண்மை. அதை மறைக்க வேண்டாம். எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் சிவகிரியும் அதைச் செய்தன. ஆனால் எல்லோரும் செய்த ஒன்றை, கிஸ்தி கட்டாதவர் செய்தால் மட்டும் கொள்ளை என்று பதிந்தது கும்பெனிக் கணக்கு.

சரி, வென்ற பக்கத்துக்கு என்ன கிடைத்தது? 1799 செப்டம்பர் 5ஆம் தேதி பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். சில நாளில் கட்டபொம்மனின் தானாபதி சுப்பிரமணிய பிள்ளை நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக் கொடுத்தார். கயத்தாற்றுத் தூக்குக்குப் பிறகு, கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்ற உத்தரவு பாளையக்காரர்களுக்குப் போனது. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை கோட்டையை மீண்டும் எழுப்பினார். அவருடைய ஆட்கள் தூத்துக்குடியையும் பிடித்தார்கள். மார்ச் 31இல் கும்பெனிப் படையை விரட்டினார்கள். மே 24இல் கோட்டை விழுந்தது. அந்த இரண்டு தாக்குதல்களிலும் கும்பெனியோடு சேர்ந்து எட்டயபுரத்து வீரர்களும் செத்தார்கள். கோட்டையை இடித்து உழுது ஆமணக்கு விதைத்தார்கள். அக்டோபர் 24இல் சிவகங்கை மருது சகோதரர்கள் திருப்பத்தூரிலும், நவம்பர் 16இல் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிடப்பட்டார்கள். பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் ஒரு பங்கு எட்டயபுரத்துக்கு வந்தது. 1803 நிரந்தர ஏற்பாட்டில் எட்டயபுரத்தாரும் படையில்லாத, காவலில்லாத ஜமீன்தார் ஆனார். தோற்றவரிடமிருந்து பறித்த அதிகாரத்தை வென்றவரிடமும் கும்பெனி விட்டுவைக்கவில்லை.

ஆசிரியர்களே, உங்கள் வகுப்பில் நான்கு காரியங்கள் செய்யக் கேட்கிறேன்.

முதலாவது, பாளையங்களின் வரைபடத்தைப் பிள்ளைகளே வரையட்டும். பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம், நாகலாபுரம், கோலார்பட்டி, மணியாச்சி, சிவகிரி, நெற்கட்டும்செவல் என்று குறித்து, மலை எங்கே, கரிசல் எங்கே, துறைமுகம் எங்கே என்று வண்ணம் தீட்டட்டும். பக்கத்தில் புல்வெளி வரைபடம் ஒன்றும் இருக்கட்டும். யார் யாருக்கு நடுவில் சிக்கினார்கள் என்பது கண்ணில் பட்டுவிடும்.

இரண்டாவது, ஒரு நாள் பயணத்தில் மூன்று ஊரையும் சேருங்கள். கயத்தாறு, பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம். பாரதி 1882இல் பிறந்ததும், முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்ததும், உமறுப்புலவர் அடங்கியிருப்பதும் எட்டயபுரத்தில். ஓர் ஊரை ஒரு வசைச்சொல்லுக்குள் அடைக்க முடியாது என்று பிள்ளைகள் நேரில் அறியட்டும்.

மூன்றாவது, இரு தரப்பு வாக்குமூலங்களையும் படிக்கக் கொடுங்கள். நா. வானமாமலை தொகுத்த கட்டபொம்மு கதைப்பாடல் ஒரு பக்கம், பானர்மேனின் அறிக்கையும் கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாறும் மறுபக்கம். தோற்றவரின் குரல் இங்கே மக்கள் பாட்டில் பிழைத்தது. சுங்கார்களுக்கு அந்த வாய்ப்பும் பெரிதாகக் கிடைக்கவில்லை. அவர்கள் கதையை இன்று பெரும்பாலும் அவர்களை வென்றவர்களிடமே கேட்க வேண்டியிருக்கிறது.

நான்காவது, இந்த ஒரு நிகழ்ச்சியைக் கட்டாயம் சொல்லுங்கள். கும்பெனி அதிகாரி வெல்ஷ் எழுதிவைத்தது. கோட்டை விழுந்த பின் காயம்பட்டுக் கிடந்த ஊமைத்துரையை ஊர்ப் பெண்கள் மறைத்துவைத்தார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, துணியால் மூடி, பிள்ளை அம்மையில் செத்துவிட்டான் என்று ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் விலகி ஓடினார்கள். பாளையக்காரர்களின் கணக்குவழக்குக்கு வெளியே, சாதாரணப் பெண்கள் எவ்வளவு நிதானத்தோடு ஓர் உயிரைக் காப்பாற்றினார்கள் என்பது வரலாற்றுப் பாடத்தில் இடம்பெற வேண்டிய செய்தி.

சோவியத் காலத்தில் கசாக் பிள்ளைகளுக்கு அபுல்கைரின் சத்தியத்தைத் தானாக விரும்பிச் சேர்ந்த இணைப்பு என்று கற்பித்தார்கள். 1991க்குப் பிறகு அதே சத்தியத்தைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறார்கள். ஆட்சி மாறும்போதெல்லாம் வீரர், துரோகி பட்டியலும் மாறும். பகை எப்படி மூண்டது, அதை யார் பயன்படுத்தினார்கள் என்று கேட்கப் பழகிய பிள்ளைக்கு அந்தப் பட்டியல் யார் கொடுத்தாலும் அச்சமில்லை. நம் வட்டாரத்தில் கண்மாய்த் தண்ணீருக்கும் கோயில் முதல்மரியாதைக்கும் ஊரும் ஊரும், தெருவும் தெருவும் இன்னும் மோதிக்கொள்கின்றன. உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள்தான் நாளை அந்தப் பஞ்சாயத்தில் உட்காரப் போகிறவர்கள். வெளியாள் ஒருவன் வந்து ஒரு பக்கத்துக்குத் துணை நிற்கிறேன் என்று சொல்லும்போது, அவனுக்கு இதில் என்ன வேண்டும் என்று கேட்கிற துணிவை அவர்களுக்குக் கொடுங்கள். அந்தக் கேள்வியை அன்று கயத்தாற்றில் கூடியிருந்த பாளையக்காரர்களில் ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. உங்கள் மாணவர்கள் கேட்கட்டும்.

மிகுந்த மதிப்புடனும் நம்பிக்கையுடனும்,
கரிசல் மண்ணின் வரலாற்று வாசகன்